லேபிளில் இல்லாத தேங்காய்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனைத் தேடி வரும் காகிதங்களுக்குக் கணக்கில்லை. வக்கீல் நோட்டீஸ், இன்ஷூரன்ஸ் பத்திரம், துபாய் கம்பெனியின் வேலை ஒப்பந்தம், பேத்தியின் அமெரிக்கப் பள்ளியிலிருந்து தாத்தாவுக்கு வந்த அழைப்பு. சென்ற டிசம்பரில் எனக்கு வந்தது ஒரு பாட்டில்.

சிகாகோவில் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தான். ஊர் முதலமடை. தொலைபேசியில் அவன் சொன்னது இதுதான்: "அப்பாவுக்குன்னு ஒரு பாட்டில் கொண்டுவந்தேன். கருப்பு பியர். பீப்பாயில ஒரு வருஷம் வச்சது, வனிலா போட்டது. அதுல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல தெரியாம தொடமாட்டேங்கிறார். நான் சொன்னா நம்பறதில்லை. நீதானே தமிழ் எம்.ஏ.?"

தமிழ் எம்.ஏ. படித்ததற்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று எங்கள் பேராசிரியர்கள் யாரும் சொல்லித்தரவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து முதலமடைக்கு இப்போது அகல ரயில் பாதையில் போகலாம். மீட்டர் கேஜை எடுத்துவிட்டு 2015ல் புதிய பாதையைத் திறந்தார்கள். ஆலமரங்கள் கவிந்த அந்தச் சின்ன ஸ்டேஷனைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். நான் பஸ்ஸில், கோவிந்தாபுரம் செக்போஸ்ட் வழியாகப் போனேன். எல்லைக்கு இந்தப்பக்கம் தென்னந்தோப்பு, அந்தப்பக்கமும் தென்னந்தோப்பு. பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுகிறது, பேச்சு அவ்வளவாக மாறுவதில்லை. இந்தப் பஞ்சாயத்தின் வேடிக்கை ஒன்று உண்டு. பரம்பிக்குளம் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கே வண்டியில் போகவேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் சுற்றித்தான் போகவேண்டும். தன் வீட்டுக் கொல்லைக்கு அடுத்த வீட்டு வாசல் வழியாகப் போகிற ஊர்.

டிசம்பரில் முதலமடை மாம்பூ வாசனையாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனேன். பூ இருந்தது, வாசனை இல்லை. நாட்டிலேயே முதலாவதாகச் சந்தைக்கு வரும் மாம்பழங்களில் முதலமடைப் பழமும் ஒன்று. தையிலேயே வடக்கே லாரி ஏறிவிடும். அந்த அவசரத்துக்கான மருந்தடிப்புதான் காற்றில் இருந்தது. "சாயங்காலம் காத்து திரும்பட்டும், அப்பறம் பாட்டிலைத் திறக்கலாம்" என்றார் நண்பனின் அப்பா. "இந்த நாத்தத்துல மூக்கு வேலை செய்யாது."

பெரியவருக்கு எழுபத்தைந்து கடந்துவிட்டது. நாற்பது வருடத்துக்குமேல் தென்னை ஏறிக் கள் இறக்கியவர். சித்தூர் தாலுகாக் கள் கேரளத்தில் பேர்பெற்றது. இங்கே இறக்கும் கள் பெர்மிட்டோடு வண்டியேறி மற்ற மாவட்டங்களின் ஷாப்புகளுக்குப் போகிறது. பெரியவர் வீட்டில் தமிழ், தோப்பில் இரண்டும், ஷாப்பில் மலையாளம். படிப்பது தமிழ் மட்டும், எழுத்துக்கூட்டி. குடிப்பழக்கம் உள்ளவர் அல்ல. ருசி பார்ப்பது தொழில், குடிப்பது வேறு என்பது அவர் கட்சி. எந்த மரத்தது, எப்போது இறக்கினது, என்ன சேர்த்தது என்று தெரியாத எதையும் அவர் வாயில் வைத்ததில்லை.

அந்த மூன்று கேள்விகளையும் என்னிடம் கேட்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு லேபிளைப் படித்தேன், சிரிப்பு போய்விட்டது.

எந்த மரத்தது என்றால், மரமே இல்லை. பார்லி. பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதில் ஒரு பங்கைக் காப்பிக்கொட்டை போலக் கருக வறுத்துக்கொள்கிறார்கள். தீய்ந்து சாம்பலாகாமல் வறுப்பதற்கு டேனியல் வீலர் என்பவர் 1817ல் இங்கிலாந்தில் ஓர் உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். கருப்பு பியரின் கருப்பு அந்த உருளையிலிருந்து வருகிறது. லண்டனின் மூட்டை தூக்கிகள் விரும்பிக் குடித்ததால் 'போர்ட்டர்' என்று பெயர் வாங்கிய பியரின் கனத்த வகை 'ஸ்டவுட்'. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அதில் மிகக் கடுமையான ஒன்றை ரஷ்ய அரண்மனைக்குக் கப்பலேற்றியிருக்கிறார்கள். போர்ட்டர் நம் நாட்டுக்கும் வந்தது, கம்பெனிப் பட்டாளத்துக்கு. இலங்கையில் அது வேரே பிடித்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுவரெலியாக் குளிரில் தொடங்கிய ஆலையின் வாரிசான லயன் ஸ்டவுட்டை, பியர் பற்றி எழுதிப் புகழ்பெற்ற மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல, ஆங்கிலேய எழுத்தாளர்) மெச்சி எழுதி உலகமறியச் செய்தார்.

எப்போது இறக்கினது என்ற கேள்விக்குப் பெரியவரிடம் பதில் சொல்ல நான் தயங்கியதற்குக் காரணம் உண்டு. காய்ச்சியபின் பீப்பாயில் ஒரு வருடம் இருந்தது, அதற்குப் பிறகு பாட்டிலில் இன்னொரு வருடம் கிடந்தது. அவர் தொழிலில் ஒரு நாள் என்பதே நீண்ட காலம். பாளையை எலும்பால் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய தகடுபோல் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவதற்குள் காற்றிலிருக்கிற ஈஸ்டும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கினது இனிக்கும். மத்தியானம் நுரைக்கும். இரவு கடந்தால் புளிக்கும். நாலு நாள் போனால் காடி. இளங்கள், அந்திக்கள், மூத்தகள் என்று அவர்கள் பெயர் வைத்திருப்பது ஒரே நாளின் பொழுதுகளுக்கு. அவரிடம் போய் இரண்டு வருடப் பழையது என்று எப்படிச் சொல்வது?

சொன்னேன். "காடி ஆகலையா?" என்றார்.

ஆகாது, ஏனென்றால் இதில் ஆல்கஹால் 13 சதவீதம். சாதாரண பியரில் 5தான். கசப்புக்குச் சேர்க்கும் ஹாப் பூவும் கெடாமல் காக்கும். மீதியைப் பீப்பாய் பார்த்துக்கொள்கிறது. இந்தப் பீப்பாயின் கதை சட்டத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் போர்பன் விஸ்கியை ஒவ்வொரு முறையும் உள்பக்கம் கருக்கிய புத்தம்புதிய ஓக் கலத்தில்தான் வைக்கவேண்டும் என்பது அங்கே விதி. ஒரு முறை வைத்த பீப்பாய், போர்பன்காரருக்கு இரண்டாம் முறை உதவாது. ஏறத்தாழ 200 லிட்டர் பிடிக்கும் அந்தப் பீப்பாய்களைத்தான் உலகமெங்கும் ஸ்காட்ச்காரர்களும் ரம்காரர்களும் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையில் அதில் கடும் ஸ்டவுட்டை ஊற்றிவைத்துப் பார்த்தார்கள். மரத்தில் ஊறியிருந்த விஸ்கியும் மரத்தின் மணமும் பியருக்குள் இறங்கின. இன்று அதைப் பின்பற்றாத சிறிய ஆலை அமெரிக்காவில் குறைவு. பீப்பாயில் இருக்கும்போது மரத்தின் வழியாகக் கொஞ்சம் ஆவியாகிக் குறையும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள் அங்கே. நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர், "முனியப்பனுக்கு விட்டது" என்றார். அகராதியில் அரைமணி நேரம் தேடியிருந்தாலும் எனக்கு அது அகப்பட்டிருக்காது.

மூன்றாவது கேள்வி, என்ன சேர்த்தது? வனிலா என்றேன். நண்பன் என்னைப் பார்த்தான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அது ஏன் என்று சற்றுப் பிறகு சொல்கிறேன்.

லேபிளின் இன்னொரு பக்கத்தில் ருசிக்குறிப்பு. மொழிபெயர்ப்பாளனின் கஷ்டம் அங்கேதான் ஆரம்பம். டார்க் சாக்லெட், எஸ்பிரெஸ்ஸோ, உலர்ந்த அத்தி, தோல், புகையிலை என்று ஒரு பட்டியல். குடிக்கிற பொருளில் தோல் வாசனை என்று சொன்னால் பெரியவர் பாட்டிலைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் ஊற்றிவிடுவார். அதையாவது சமாளிக்கலாம். 'ஃபுல் பாடி' என்பதை என்ன செய்ய? முழு உடம்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை மாதிரி இருக்கிறது. 'ஃபினிஷ்' நீளமானது என்று போட்டிருந்தார்கள். முடிவு நீளமானது என்றால் சினிமா விமர்சனம்.

எனக்கு உறுத்தியது வேறு. குடியைப் பற்றி இருபது வருடங்களாக நான் பத்திரிகையில் எழுதியும் மொழிபெயர்த்தும் வருகிறேன். டாஸ்மாக் வருமானம், மதுவிலக்குப் போராட்டம், நீதிமன்றத் தீர்ப்பு, சாவு எண்ணிக்கை. ஒரு தடவைகூட ருசி என்ற சொல் அவற்றில் வந்ததாக ஞாபகம் இல்லை. நம் அச்சுத் தமிழில் மதுவுக்கு இரண்டு அகராதிகள்தான். ஒன்று போலீஸ் ஸ்டேஷன் அகராதி: போதை, குடிபோதை, கள்ளச்சாராயம். மற்றொன்று சினிமா அகராதி: சரக்கு, கட்டிங், மட்டையாவது. குடித்தபின் என்ன ஆயிற்று என்று இரண்டும் சொல்லும். என்ன குடித்தான் என்று இரண்டும் சொல்லாது.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. எம்.ஏ. வகுப்பில் சங்கப் பாடல் படித்தவர்களுக்குத் தெரியும், கள், தேறல், நறவு, மட்டு, பிழி, அரிசியில் வீட்டில் சமைத்த தோப்பி என்று எத்தனை பெயர்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் என்று உரைநூல் சொல்லி நகர்ந்துவிடும். நாங்களும் அப்படியே எழுதி மார்க் வாங்கினோம். முதலமடைத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தபோது அவை அவ்வளவு ஒன்றாகத் தெரியவில்லை. தேறல் என்பது தெளிந்தது. தெளிவதற்கு நாள் வேண்டும். புறநானூற்றில் கபிலர், பாரியின் பறம்பு நாட்டைப் பாடும்போது நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலைச் சொல்கிறார். ஆய் அண்டிரனின் மலையைப் பாடுகிற ஏணிச்சேரி முடமோசியார், மலைக்குறவர்கள் மூங்கில் குழாயில் முதிரவைத்ததைக் குடித்து ஆடுவதைச் சொல்கிறார். மலைபடுகடாத்திலும் மூங்கிலில் விளைந்த தேன் தேறல் உண்டு. ஔவையார் நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டியதற்கு ஒப்பிடுகிறார். சிறுபாணாற்றுப்படை அதைச் சீறும் பாம்பாக்குகிறது. எந்தக் கலத்தில் வைத்தது, எத்தனை நாள் ஆனது, நாக்கில் என்ன செய்தது, மூன்றும் பாட்டில் இருக்கின்றன. நக்கீரர் பாண்டியன் நன்மாறனிடம், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை அருந்தச் சொல்கிறார். முசிறியில் இறங்கிய அந்தச் சரக்கு கொங்குநாட்டுக்குள் வந்திருந்தால், இதே பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் வந்திருக்கவேண்டும். வெளிநாட்டுப் பாட்டில் இந்த வழியில் வருவது முதல் தடவை அல்ல என்று நண்பனிடம் சொன்னேன். கஸ்டம்ஸில் அந்த வாதம் எடுபட்டிருக்காது என்றான்.

அப்படியானால் கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் எழுதிய வள்ளுவரை என்ன செய்வது என்று வாசகர்களில் சிலர் இப்போதே கடிதத்துக்குப் பேனாவை எடுத்திருப்பீர்கள். வள்ளுவர் குடிக்காதே என்றார். பெயரை மறந்துவிடு என்று அவர் சொல்லவில்லை. நான் குடியைக் கொண்டாட வரவில்லை. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததை நான் எழுதியிருக்கிறேன். அந்தச் செய்திகளைத் திரும்பப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. பெரியவரின் மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூட அந்த மனிதர்கள் கேட்க வாய்ப்பே இல்லாத நிலையில் வாங்கியிருக்கிறார்கள். எதிலிருந்து வந்தது, எப்போது காய்ச்சியது, என்ன சேர்த்தது என்று தெரியாத ஒரு பிளாஸ்டிக் பாக்கெட். கேட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். மெத்தனாலை மூக்கும் நாக்கும் காட்டிக்கொடுக்காது. ஆனால் கேள்வி கேட்டுக் குடிக்கிற ஒரு பழக்கமே நம்மிடமிருந்து கழன்றுபோயிருக்கிறது.

தமிழ்நாட்டில் 1981ல் மறுபடி திறந்த கள், சாராயக் கடைகளை 1987 ஜனவரி 1 முதல் மூடினார்கள். சாராயத்தோடு கள்ளும் போயிற்று. 1983ல் தொடங்கிய டாஸ்மாக், 2003ல் சில்லறைக் கடைகளையும் தானே ஏற்றுக்கொண்டது. கேரளம் 1996 ஏப்ரல் 1 முதல் சாராயத்தை நிறுத்தியது, கள்ளை விட்டுவைத்தது. கேரளத்துக் கள்ளிலும் கலப்படம் உண்டு என்று பெரியவரே சொல்வார், கோபமாகவே சொல்வார். ஆனாலும் செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம் கள்ளைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறார்கள், சொல் இருக்கிறது. இந்தப்பக்கம் அதே தென்னை, அதே பாளை, இறக்கினால் கேஸ்.

சாயங்காலம் காற்று திரும்பியது. பாட்டிலை நண்பன் ஃபிரிட்ஜில் வைத்திருந்தான். அதை வெளியே எடுத்துவைக்கச் சொன்னார் பெரியவர். ஜில்லென்று இருந்தால் வாசனை தூங்கும் என்றார். லேபிளிலும் அதையே வேறு வார்த்தையில் எழுதியிருந்தார்கள். மூன்று சின்னக் கண்ணாடித் தம்ளர். ஊற்றும்போது எண்ணெய் போல விழுந்தது, நுரை காப்பித்தூள் நிறம். விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை.

பெரியவர் முதலில் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தார். தம்ளரைச் சாய்த்து, விளிம்பில் வடிகிறதைப் பார்த்தார். "கொழுப்பு இருக்கு" என்றார். ஃபுல் பாடிக்குத் தமிழ் கிடைத்துவிட்டது. நான் நோட்டை எடுத்தேன்.

ஒரு வாய் எடுத்துக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தார். நேரம் போனது. "கருப்பட்டிப் பாகு. அடிபிடிச்சது இல்ல, அடிபிடிக்கறதுக்கு முந்தின நிமிஷம்." அடுத்த வாய். "காப்பிக்கொட்டை வறுத்த சட்டி. கொட்டையில்ல, சட்டி." பிறகு, "மூக்குக்கு வந்திருச்சு, நாக்குக்கு இன்னும் வரல." எதைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. விழுங்கியபின் வெகுநேரம் கழித்து, "போகமாட்டேங்குது பாரு, நின்னு பேசுது" என்றார். நீளமான ஃபினிஷ் இதுதான். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். என் தம்ளரில் இருந்ததை நானும் சுவைத்தேன். முதலில் இனிப்பு, உடனே ஒரு கசப்பு, தொண்டையில் சூடு. விஸ்கி தெரிந்தது. மற்றதெல்லாம் அவர் சொன்னபிறகே எனக்குத் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

பிறகு சொன்னார், "தம்பி, இதுல தேங்கா வாசம் வருது."

நண்பன் சிரித்துவிட்டான். "அப்பாவுக்கு எதைக் கொடுத்தாலும் தென்னைதான்." நானும் லேசாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். லேபிளைத் திரும்ப ஒரு தடவை பார்த்தேன். தேங்காய் இல்லை. "அப்படி எதுவும் சேர்க்கலைங்க பெரியப்பா" என்றேன். "சேர்த்தாங்கன்னு நான் சொல்லல. வருதுன்னேன்" என்றார். "பச்சைத் தேங்கா இல்ல. கொப்பரை காய வெச்ச களத்துல வரும், அது." நோட்டில் அதை நான் எழுதவில்லை.

வனிலாவுக்கு வருகிறேன். பெரியவரின் தம்பி இடுக்கிக்கு மலையேறியவர். மிளகுக்கொடிக்கு நடுவே 2000ஐ ஒட்டி வனிலா நட்டார். 2000ல் மடகாஸ்கரைப் புயல் தாக்கியது. உலக வனிலாவில் பெரும்பங்கு அந்தத் தீவில் விளைகிறது. அடுத்த சில வருடங்களில் கேரளத்தில் பச்சைக்காயே கிலோ ஆயிரக்கணக்கில் விலைபோனது. தோட்டத்துக்கு இரவுக்காவல் போட்டார்கள், நாய் வளர்த்தார்கள். வனிலா மெக்சிகோவின் ஆர்க்கிட். இங்கே அதை மகரந்தம் சேர்க்கும் பூச்சி கிடையாது. பூ ஒரு காலைப்பொழுதுதான் விரிந்திருக்கும். அதற்குள் ஒவ்வொரு பூவையும் ஈர்க்குச்சியால் நிமிண்டி மனிதன் சேர்க்கவேண்டும். இந்த உபாயத்தை 1841ல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மண்ட் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். தீவு அதனால் செழித்தது. 1848ல் விடுதலை பெற்ற அவன் 1880ல் வறுமையில் இறந்தான். சேர்த்தபின் காய் முற்ற ஒன்பது மாதம். பறித்த காய்க்கு வாசனையே இருக்காது. வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்கவைத்து, வெயிலில் காட்டி, மாதக்கணக்கில் பதப்படுத்தினால்தான் மணம் எழும்.

தம்பி வீட்டில் காலை ஆறு மணிக்கு எல்லோரும் ஈர்க்குச்சியோடு தோட்டத்தில் நிற்பார்களாம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உட்பட. கொடி நன்றாகக் காய்க்க ஆரம்பித்தபோது மடகாஸ்கர் எழுந்துவிட்டது. தொழிற்சாலை வனிலினும் சந்தையை நிரப்பியிருந்தது. விலை நூறு ரூபாய்க்கும் கீழே போயிற்று. காவல் இருந்த கடனே மிச்சம். ஒரு நாள் கொடியையெல்லாம் வெட்டிவிட்டார். 2017 வாக்கில் உலகச் சந்தையில் வனிலா மறுபடி உச்சத்துக்கு ஏறியபோது அந்த இடத்தில் ஏலக்காய் நின்றது. தம்பி உயிரோடு இல்லை.

அதனால்தான் வனிலா என்றதும் அந்த அமைதி. மூக்குக்கு வந்தது, நாக்குக்கு வரவில்லை என்று அவர் சொன்னது அதைத்தான். கடைசி வாயில் வந்துவிட்டது போலும். "அவன் பெட்டிக்குள்ள துணியில சுத்தி வெச்சிருந்தான் ஒரு கட்டு. அதே மணம்" என்றார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மிச்சம் இருந்தது. யாரும் வற்புறுத்தவில்லை.

கோவைக்குத் திரும்பியபிறகு லேபிளை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தெரியாத சொல்லை விட்டுவிட்டுத் தெரிந்த சொல்லைச் சரிபார்ப்பான். பீப்பாயில் வைத்தால் வனிலா மணம் வரும் என்று லேபிளில் ஒரு வரி இருந்தது. வனிலாக் காயைப் போட்டார்களா, மரத்திலிருந்து வந்ததா என்று குழப்பம். படித்துப் பார்த்தேன். இரண்டும்தான். ஓக் மரத்தைக் கருக்கும்போது அதிலுள்ள லிக்னின் உடைந்து வனிலின் உண்டாகிறது. காயில் இருப்பதும் அதே மூலக்கூறு. காகித ஆலைக் கழிவின் லிக்னினிலிருந்து வனிலின் செய்து விற்றதும் உண்டு. இடுக்கியில் ஒரு குடும்பம் ஈர்க்குச்சியோடு நின்று காத்திருந்த மணம், எரிந்த மரத்திலும் ஒளிந்திருக்கிறது.

அதே பக்கத்தில் நாலு வரி கீழே இன்னொரு பொருள் இருந்தது. ஓக் லாக்டோன். குறிப்பாக அமெரிக்க வெள்ளை ஓக்கில் அதிகம். மரத்திலிருந்து மதுவுக்குள் இறங்கும். அதன் மணம் தேங்காய்.

கொஞ்சநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முதலமடைக்குப் போன் போட்டேன். நண்பன் அதற்குள் சிகாகோ போய்விட்டான். பெரியவரே எடுத்தார். மரத்திலேயே தேங்காய் மணம் தருகிற ஒரு பொருள் இருக்கிறது, நீங்கள் சொன்னது சரி, நான்தான் எழுதிக்கொள்ளவில்லை என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அது தெரிஞ்சதுதானே" என்றார். "எந்த மரம்?"

"ஓக்குன்னு ஒரு மரம். இங்க வளர்றதில்லைங்க."

"காய் என்ன மாதிரி?"

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். சின்னது, தொப்பி போட்ட மாதிரி இருக்கும், நாம் சாப்பிடுவதில்லை. கேட்டுக்கொண்டார். லேபிளைத் தமிழில் எழுதிவிட்டாயா என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். முளைகட்டிய பார்லி, கருக வறுத்தது. விஸ்கிப் பீப்பாயில் ஒரு வருடம். வனிலா சேர்த்தது. கொழுப்பு உண்டு. கருப்பட்டிப் பாகு, காப்பி வறுத்த சட்டி, கொப்பரைக் களம். தோலையும் புகையிலையையும் விட்டுவிட்டேன். கடைசியில் 'நாள்பட்ட தேறல்' என்று போட்டிருந்தேன், ஔவையாரை நினைத்து.

"தேறலுன்னா?"

சொன்னேன்.

"மூத்ததுன்னு போடு" என்றார். "அதுதான் பேரு."

மாற்றிவிட்டேன்.